வண்டி ஓடும் காலம்வரை மென்பொருளும் உழைக்க வேண்டும்

நாமக்கல்லில் சரக்கேற்றிக் கிளம்பிய ஒரு பி.எஸ்.-6 லாரியில் எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். புகையைச் சுத்திகரிக்க ஆட்ப்ளூ திரவத்தைத் தெளிக்கும் அமைப்பில் கோளாறு. ஓட்டுநர் அதைக் கண்டுகொள்ளாமல் ஓட்டினால், என்ஜினை ஆளும் கணினி முதலில் இழுவையைக் குறைக்கும். அப்போதும் சரிசெய்யாவிட்டால் வண்டியை ஊர்ந்துபோகும் வேகத்துக்கு இறக்கிவிடும். புகை விதியை மீறவிடாமல் தடுக்க வண்டிக்குள்ளேயே எழுதிவைக்கப்பட்ட கட்டளை அது. மெக்கானிக் பழுதைக் கண்டுபிடித்து சென்சாரை மாற்றிவிடலாம். ஆனால், ஸ்கேனரை மாட்டி, பழைய கோளாறுக் குறியீட்டை அழித்து, கணினி கேட்கும் சோதனைகளை முடித்துக்காட்டும்வரை பல வண்டிகள் பழைய பலத்துக்குத் திரும்புவதில்லை.

அந்த நேரம் பார்த்துப் பட்டறை லேப்டாப் ‘கருவி இணைக்கப்படவில்லை’ என்று சொன்னால் என்ன செய்வது? முந்தைய இரவு விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. ஸ்கேனரின் டிரைவர் மென்பொருள் அதோடு ஒத்துப்போகவில்லை. பழுது இன்னதென்று தெரியும், பாகம் கையில் இருக்கிறது, வேலை தெரிந்தவரும் அருகிலேயே நிற்கிறார். வண்டி மட்டும் நகராது. லாரிக்காரருக்கோ கடன் தவணையும் ஓட்டுநர் படியும் ஏறிக்கொண்டே போகும்.

வண்டியின் விலையைப் பற்றி, மைலேஜைப் பற்றி, டீசல் விலையைப் பற்றி நிறையப் பேசுகிறோம். வண்டிக்கும் லேப்டாப்புக்கும் நடுவே வேலை செய்யும் இந்த இணைப்பு மென்பொருளைப் பற்றிப் பேசுவதே இல்லை. அது நிலையாக ஓடுகிறதா, புதிய கணினியோடும் பழைய வண்டியோடும் ஒருசேரப் பொருந்துகிறதா, அதைப் புதுப்பிக்கும் பொறுப்பு யாருடையது, எத்தனை ஆண்டுகளுக்கு என்ற கேள்விகளை நிறுவனங்களின் விருப்பத்துக்கே விட்டுவிட்டோம். லட்சக்கணக்கான வாகன உரிமையாளர்களின் செலவையும், சாலையோரப் பட்டறைகளின் பிழைப்பையும் தீர்மானிக்கும் விஷயம் இது. சட்டம் இதற்குள் வந்தாக வேண்டும்.

பதினாறு முனைச் செருகி

வண்டியே தன் கோளாறைச் சொல்ல வேண்டும் என்ற விதி கலிஃபோர்னியாவில் பிறந்தது. நகரங்களின் புகைமூட்டத்தோடு நெடுங்காலம் போராடிவந்த அம்மாநிலக் காற்றுவள வாரியம், 1988 மாடல் வண்டிகளில் இருந்து ஓபிடி என்ற தற்கண்டறி முறையைக் கட்டாயமாக்கியது. ஆனால், கம்பெனிக்கு ஒரு செருகி, கம்பெனிக்கு ஒரு குறியீடு என்று அது சிதறிக் கிடந்தது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்க வந்ததுதான் ஓபிடி-2. 1996 மாடல் முதல் அமெரிக்கா முழுவதும் கார்களுக்கும் இலகுரக வாகனங்களுக்கும் அது கட்டாயமானது. ஸ்டியரிங்குக்குக் கீழே இன்று நாம் பார்க்கும் 16 முனைச் செருகி அப்படி வந்தது. 16ஆம் முனையில் பேட்டரி மின்சாரம், 4, 5 இரண்டிலும் எர்த், 6, 14 இரண்டிலும் ‘கேன்’ எனும் தகவல் இழைகள். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய இந்த ‘கேன்’ வலைப்பின்னல்தான் இன்றைய வண்டியின் நரம்பு மண்டலம்.

இந்தியாவில் பி.எஸ்.-4 வண்டிகளோடு 2010இல் ஓபிடி-1 வந்தது. 2013 ஏப்ரலில் ஓபிடி-2 வந்தது. 2020 ஏப்ரல் 1 அன்று, பி.எஸ்.-5ஐத் தாண்டி நேராக பி.எஸ்.-6க்குப் போனோம். 2023 ஏப்ரலில், சோதனைக்கூடத்தில் மட்டுமன்றிச் சாலையில் ஓடும்போதும் புகை அளவைக் கணக்கில் எடுக்கும் இரண்டாம் கட்டம் தொடங்கியது. கார்புரேட்டரோடு பழகிய மோட்டார் சைக்கிள் மெக்கானிக்கின் கையிலும் ஸ்கேனர் வந்துவிட்டது.

விதி கட்டாயமாக்கியது புகை தொடர்பான கோளாறுகளைத்தான். அவற்றை எந்த ஸ்கேனராலும் படிக்கலாம். பட்டறையின் அன்றாட வேலை அதோடு முடிவதில்லை. டீசல் இன்ஜெக்டரை மாற்றினால், அதன் தலையில் அச்சிட்டிருக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீட்டைக் கணினியில் ஏற்ற வேண்டும். மின்சாரத்தால் இயங்கும் ஹேண்ட் பிரேக் உள்ள காரில் பின்பக்க பிரேக் பேட் மாற்ற, பல மாடல்களில் மோட்டாரைக் கருவி கொண்டு பின்னுக்கு இழுக்க வேண்டும். புகை வடிகட்டியில் கரி அடைத்தால் அதை நின்ற இடத்திலேயே எரித்துச் சுத்தம் செய்யக் கட்டளை கொடுக்க வேண்டும். ஏபிஎஸ், ஏர்பேக், சாவி பதிவு என்று பட்டியல் நீளும். இவையெல்லாம் அந்தந்த கம்பெனியின் மொழியில் நடப்பவை.

இந்த இடத்தில்தான் இணைப்புப் பெட்டி தேவைப்படுகிறது. தொழிலில் அதை விசிஐ என்பார்கள். ஒரு முனை வண்டியின் செருகியில், மறுமுனை லேப்டாப்பின் யு.எஸ்.பி.யில், இரண்டு மொழிக்காரர்களுக்கு நடுவே நிற்கும் துபாஷியைப் போல அது வேலை செய்கிறது. முன்பு கம்பெனிக்கு ஒரு பெட்டி வாங்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. பொறியாளர் அமைப்பு 2002இல் ஜே-2534 என்ற தரநிலையை வெளியிட்டது. எந்த நிறுவனத்தின் பெட்டியும் எந்த கம்பெனியின் மென்பொருளோடும் பேசலாம் என்பதே அதன் நோக்கம். வாகனக் கணினியில் புகை தொடர்பான மென்பொருளை மாற்றி எழுதும் வேலைக்கு இந்தத் தரநிலை வழியைத் திறந்துவைக்க வேண்டும் என்று அமெரிக்கா 2004 மாடல் முதல் விதித்தது. தனியார் பட்டறைகள் அங்கே பிழைத்திருக்க இந்த விதியும் ஒரு காரணம்.

சங்கிலி எங்கே அறுகிறது?

வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பெட்டி, ஒரு வயர், ஒரு லேப்டாப். உள்ளே நான்கு அடுக்குகள் இருக்கின்றன. பெட்டிக்குள் அதன் சொந்த மென்பொருள். லேப்டாப்பில் பெட்டியை அடையாளம் காணும் டிரைவர். அதற்கு மேலே, பெட்டியின் பதிப்பைச் சரிபார்த்து, புதுப்பித்து, யாருக்கு எந்த வழியில் தகவல் போக வேண்டும் என்று முடிவுசெய்யும் மேலாண்மை மென்பொருள். உச்சியில் வாகன கம்பெனியின் ஆய்வு மென்பொருள். இந்த நான்குக்கும் கீழே தரையாக இருப்பது விண்டோஸ். இவை ஒரே கையில் இல்லை. ஒருவர் தன் அடுக்கைப் புதுப்பித்தால் மற்றவர்களுடையது ஒத்துப்போகும் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. எல்லாவற்றையும் பணம் கொடுத்து வாங்கிய பட்டறைக்காரருக்கு எந்த அடுக்கின் மீதும் பிடி கிடையாது.

32 பிட், 64 பிட் என்ற பழைய சிக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். 2004இல் வந்த ஜே-2534 தரநிலையின் 04.04 பதிப்புதான் இன்றும் பட்டறைகளில் பெரிதும் புழங்குகிறது. அதற்கான மென்பொருள் நூலகங்கள் 32 பிட் காலத்தில் எழுதப்பட்டவை. 64 பிட் நிரல் ஒன்றால் 32 பிட் நூலகத்தைத் தனக்குள் ஏற்றிக்கொள்ள முடியாது. ஆய்வு மென்பொருள் ஒரு புதிய பதிப்பில் 64 பிட்டுக்கு மாறி, பெட்டி தயாரித்தவர் புதிய நூலகம் தராமல் விட்டால், நேற்றுவரை உழைத்த பெட்டி இன்று கண்ணுக்கே தெரியாமல் போகும். டிரைவர் கதையும் இதேதான். விண்டோஸ்-10இன் பிற்காலப் பதிப்புகள் மைக்ரோசாஃப்டின் கையொப்பம் இல்லாத புதிய டிரைவர்களை ஏற்பதில்லை. விண்டோஸ்-7க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. விண்டோஸ்-10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ்-11க்கு மாறலாம் என்றால், அது கேட்கும் பாதுகாப்புச் சிப் பல பழைய லேப்டாப்களில் இல்லை.

இணைப்பு வயர்களில் 2014இல் நடந்தது இன்னும் கடுமையானது. யு.எஸ்.பி.யையும் பழைய தொடர்வரிசை இணைப்பையும் பொருத்தும் சிப்களைச் செய்வது ஸ்காட்லாந்தின் எஃப்.டி.டி.ஐ. நிறுவனம். வாகன ஆய்வு வயர்கள் பலவற்றில் இந்தச் சிப்தான் இருக்கும். அதன் போலிகளும் உலகெங்கும் இருந்தன. அந்த ஆண்டு அந்நிறுவனம் விண்டோஸ் அப்டேட் வழியாக அனுப்பிய டிரைவர், போலிச் சிப்பைக் கண்டால் அதன் அடையாள எண்ணைப் பூஜ்யமாக மாற்றிவிட்டது. அதன் பிறகு எந்தக் கணினியாலும் அந்த வயரை இயல்பாக அடையாளம் காண முடியவில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த டிரைவர் விண்டோஸ் அப்டேட்டில் இருந்து விலக்கப்பட்டது. போலியைச் செய்தவர் எங்கோ இருந்தார். அசல் என்று நம்பிக் கடையில் வாங்கியவர் நஷ்டப்பட்டார். தன் உரிமையைக் காக்க ஒரு நிறுவனம் எடுத்த நடவடிக்கையின் விலையை, அந்தத் தகராறில் பங்கே இல்லாதவர்கள் கொடுத்தார்கள்.

மலிவான ஸ்கேனர்களின் நிலை இதைவிட மோசம். கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய இ.எல்.எம்.-327 சிப்பின் முதல் பதிப்பு நகலெடுப்பிலிருந்து பாதுகாக்கப்படவில்லை. அதை நகலெடுத்தவர்கள் சந்தையை நிறைத்தார்கள். அந்நிறுவனம் ஒருபோதும் வெளியிடாத ‘1.5’ என்ற பதிப்பு எண்ணைத் தாங்கிய நகல்கள் இன்றும் விற்கின்றன. ‘2.1’ என்று எழுதியிருக்கும் பல நகல்களில் அசல் அறிந்த கட்டளைகள் சில வேலையே செய்வதில்லை. செயலி ‘இணைந்துவிட்டது’ என்று காட்டும். கேட்ட தகவல் மட்டும் வராது. பழுது வண்டியிலா, கருவியிலா என்று தெரியாமல் நல்ல பாகங்களைக் கழற்றி மாற்றும் செலவு வாடிக்கையாளர் தலையில் விழுகிறது.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, கணினியின் மென்பொருளை மாற்றி எழுதும் வேளையில் இருக்கிறது. பழைய மென்பொருளை அழித்துவிட்டுத்தான் புதியது எழுதப்படும். அந்த நடுவேளையில் இணைப்பு அறுந்தால், பேட்டரி அழுத்தம் இறங்கினால், அல்லது லேப்டாப் தன்னைப் புதுப்பிக்கத் தொடங்கினால், என்ஜின் கணினி முடங்கிப்போகலாம். சில கணினிகளை மீட்டெடுக்க முடியும். சிலவற்றை மாற்றித்தான் ஆக வேண்டும். ஸ்டார்ட் ஆகிப் பட்டறைக்குள் வந்த வண்டி, டோ வண்டியில் ஏறி வெளியே போகும்.

நல்ல புதுப்பிப்பின் இலக்கணம்

இதனால் புதுப்பிக்காமலே இருந்துவிடலாம் என்று சிலர் முடிவுசெய்கிறார்கள். அது தீர்வாகாது. புதிய மாடல்களின் தகவல்கள் புதிய பதிப்பில்தான் வரும். பழைய பதிப்பின் பிழைகள் திருத்தப்படுவதும் அதில்தான். புதுப்பிப்பை எப்படிச் செய்ய வேண்டும் என்பதே கேள்வி.

பெட்டிக்குள் இருக்கும் மென்பொருள், டிரைவர், மேலாண்மை மென்பொருள் மூன்றும் ஒன்றாகச் சோதிக்கப்பட்டு ஒரே தொகுப்பாக வெளிவர வேண்டும். எந்த விண்டோஸ் பதிப்பில், எந்த ஆய்வு மென்பொருளோடு, எந்தப் பெட்டிகளில் சோதித்தோம் என்ற பட்டியல் அதோடு வர வேண்டும். புதியது சரிப்படாவிட்டால் முந்தைய பதிப்புக்குத் திரும்பும் வழி கட்டாயம் வேண்டும். பழைய பதிப்புகளை நிறுவனத்தின் தளத்திலிருந்து நீக்கக் கூடாது. வேலை நடக்கும்போது எந்தப் புதுப்பிப்பும் தானாகத் தொடங்கக் கூடாது.

படிப்படியாக வெளியிடுவதும் அவசியம். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2024 ஜூலை 19 அன்று அனுப்பிய ஒரே ஒரு பிழையான புதுப்பிப்பு, மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. விமானங்கள் நின்றன; மருத்துவமனைகள் தடுமாறின. சிலரிடம் முதலில் கொடுத்துப் பார்த்து, பிறகு எல்லோருக்கும் அனுப்பியிருந்தால் சேதம் அந்த அளவுக்குப் போயிருக்காது.

பொருந்தும் தன்மையை விடாமல் காக்க முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு உருவாக்கிக் கொடுத்த ‘சாக்கெட்கேன்’ என்ற இணைப்பு முறை, 2008இல் லினக்ஸ் கருநிரலில் சேர்க்கப்பட்டது. வேலை செய்துகொண்டிருக்கும் பயனரின் நிரலை உடைக்கும் மாற்றத்தை ஏற்கக் கூடாது என்பது லினக்ஸ் உருவாக்குநர்கள் கறாராகப் பின்பற்றும் விதி. பல நாடுகளில், பல நிறுவனங்களில் சிதறியிருக்கும் ஒரு கூட்டம் இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க முடியும் என்றால், வண்டியையும் கருவியையும் விலைக்கு விற்கும் நிறுவனங்களால் ஏன் முடியாது?

பட்டறைக்கும் இதில் பங்கு உண்டு. வண்டி வேலைக்கென்று தனி லேப்டாப் வைத்து, அதில் சினிமா, விளையாட்டு, மற்ற மென்பொருள்கள் எதையும் ஏற்றாமல் இருக்க வேண்டும். எல்லாம் சரியாக ஓடும் ஒரு நாளில் அந்த வட்டின் முழுப் பிரதியை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் வண்டி காத்திருக்கும்போது புதுப்பிக்கக் கூடாது; வேலை குறைந்த நாளில் புதுப்பித்து, நன்றாக அறிந்த ஒரு வண்டியில் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும். கணினியை மாற்றி எழுதும்போது, அழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் சார்ஜரை பேட்டரியில் மாட்ட வேண்டும். ப்ளூடூத்தை நம்பாமல் வயரில் இணைக்க வேண்டும். தொடங்குவதற்கு முன்பு வண்டிக் கணினியில் இருக்கும் பதிப்பு எண்ணை எழுதி வைக்க வேண்டும். இவை செலவில்லாத, அல்லது செலவு குறைந்த பழக்கங்கள்.

பாதுகாப்பு என்னும் வாதம்

வாகன நிறுவனங்கள் முன்வைக்கும் மறுப்பு ஒன்று உண்டு. அதில் உண்மையும் உண்டு. வண்டிக் கணினிக்குள் யார் வேண்டுமானாலும் நுழைய விட்டால் திருடனும் நுழைவான், விபத்தும் நேரும் என்கிறார்கள். சார்லி மில்லர், கிறிஸ் வாலாசெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2015இல் ஒரு ஜீப் செரோக்கி காரை இணையம் வழியாகத் தொலைவிலிருந்தே கட்டுப்படுத்திக் காட்டினார்கள். அதையடுத்து ஜீப்பைத் தயாரித்த நிறுவனம் அமெரிக்காவில் 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அதன் பிறகு வந்த மாடல்களில் செருகிக்கும் உள்வலைக்கும் நடுவே ஒரு பாதுகாப்பு வாசல் வைக்கப்பட்டது. பதிவுசெய்து கடவுச்சொல் பெறாத கருவியால் கோளாறைப் படிக்க முடியும், அழிக்க முடியாது என்ற நிலை உருவானது.

ஐரோப்பாவில் ஏ.டி.யு., கார்கிளாஸ் என்ற இரண்டு பழுதுநீக்கு நிறுவனங்கள் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. 2023 அக்டோபர் 5 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: சட்டத்தில் சொல்லப்படாத நிபந்தனைகளை, அதாவது இணைய இணைப்பு, தனிப்பதிவு போன்றவற்றை, ஆய்வுச் செருகியைப் பயன்படுத்துவதற்கு நிறுவனங்கள் தாமாக விதிக்க முடியாது. திருட்டுத் தடுப்போடு தொடர்புடைய தகவல்களுக்கு ஐரோப்பா வேறு வழி வைத்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற, பின்னணி சரிபார்க்கப்பட்ட தனியார் பட்டறைகளுக்கு அவை கிடைக்கும். ஆளைச் சரிபார்த்து உள்ளே விடுவது நியாயம்; எல்லோரையும் வெளியே நிறுத்துவது நியாயமல்ல.

நம் ஊர் நிலையைப் பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். அசல் இணைப்புப் பெட்டியும் ஆண்டுச் சந்தாவும் சிறு பட்டறைக்கு எட்டாத விலையில் இருப்பதால், நகல் பெட்டியும் பூட்டுடைக்கப்பட்ட மென்பொருளும் புழங்குகின்றன. அவற்றைப் புதுப்பித்தால் வேலை நின்றுவிடும் என்ற பயத்தில் விண்டோஸ் புதுப்பிப்பை நிறுத்திவைக்கிறார்கள். வைரஸ் தடுப்பை அணைத்துவைக்கிறார்கள். எங்கிருந்து வந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத மென்பொருள் அந்த லேப்டாப்பில் ஓடுகிறது. பிரேக்கையும் ஏர்பேக்கையும் ஆளும் கணினியோடு அந்த லேப்டாப்பை இணைக்கிறார்கள். வாசலைப் பூட்டினால் வண்டி பாதுகாப்பாக இருக்கும் என்ற வாதம் இங்கே தலைகீழாகிறது. நேர்வழி எட்டாத உயரத்தில் இருப்பதாலேயே ஆபத்தான வழி பெருகியிருக்கிறது. நியாயமான விலையில், ஒழுங்காகப் புதுப்பிக்கப்படும், கையொப்பமிட்ட இணைப்பு மென்பொருள் கிடைத்தால் வண்டியின் பாதுகாப்பும் கூடும், மெக்கானிக்கின் பிழைப்பும் நிலைக்கும். இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவதில் பொருளில்லை.

இந்தியா எங்கே நிற்கிறது?

இந்தப் பிரச்சினை நமக்குப் புதிதல்ல. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது. அசல் பாகங்களையும் ஆய்வுக் கருவிகளையும் தொழில்நுட்பத் தகவல்களையும் தனியார் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. அவற்றைத் திறந்துவிட வேண்டும் என்றும் ஆணையம் உத்தரவிட்டது. வழக்கு மேல்முறையீடுகளில் நீண்டது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளை அது எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. நல்ல தொடக்கங்கள்தான். ஆனால், இவற்றில் பாகம், கையேடு, தகவல் ஆகியவற்றைப் பற்றிய பேச்சு இருக்கும் அளவுக்கு, அந்தத் தகவலைச் சுமந்துவரும் மென்பொருள் எத்தனை ஆண்டு உயிரோடு இருக்க வேண்டும் என்ற பேச்சு இல்லை.

சட்டம் தனியார் காருக்குப் பதினைந்து ஆண்டுப் பதிவு தருகிறது. தகுதிச் சான்று பெற்றால் அதற்கு மேலும் ஓட்டலாம். 2020இல் வாங்கிய பி.எஸ்.-6 கார் 2035 வரை சாலையில் இருக்கும் என்று அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. அதற்குள் விண்டோஸ் சில முறை மாறிவிடும். லேப்டாப்கள் மாறிவிடும். பெட்டியைச் செய்த நிறுவனம் கடையை மூடியிருக்கலாம், இ.எல்.எம்.-327ஐ உருவாக்கிய நிறுவனமே 2022இல் மூடப்பட்டது. வண்டிக்கும் மென்பொருளுக்கும் ஆயுள் கணக்கு இப்படி வேறுபடும்போது, இடைவெளியின் செலவை யார் ஏற்பது? இன்று அதைப் பழைய வண்டி வைத்திருப்பவர் ஏற்கிறார். அவர் பெரும்பாலும் இரண்டாம் கை, மூன்றாம் கை உரிமையாளர். வாடகைக் கார் ஓட்டுநர். ஒற்றை லாரி வைத்திருப்பவர். புதிய வண்டி வாங்கியவரின் உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு தொடங்கும் சுமை, வசதி குறைந்தவர் மீதே போய் இறங்குகிறது.

இதற்கான முன்மாதிரி சட்ட வடிவிலேயே தயாராக இருக்கிறது. ஐ.நா.வின் வாகன ஒழுங்குமுறை எண் 156, வண்டிக்குள் இருக்கும் மென்பொருளை எப்படிப் புதுப்பிக்க வேண்டும் என்று வகுக்கிறது. 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அந்த விதியின்படி, வெளியிடுவதற்கு முன்பே புதிய மென்பொருள் அந்த வண்டியோடு பொருந்துமா என்று நிறுவனம் உறுதிசெய்ய வேண்டும். போதிய மின்சாரம் இருந்தால்தான் புதுப்பிப்பு தொடங்க வேண்டும். பாதியில் நின்றால் முந்தைய பதிப்புக்குத் திரும்பவோ, பாதுகாப்பான நிலைக்குப் போகவோ வழி இருக்க வேண்டும். இந்தியாவின் ஏஐஎஸ்-190 தரநிலையும் இதே தடத்தில் வகுக்கப்பட்டது. வண்டிக்குள் இருக்கும் மென்பொருளுக்கு இவ்வளவு கவனம் தேவை என்றால், அந்த மென்பொருளையே மாற்றி எழுதும் பட்டறைக் கருவிக்கு அந்தக் கவனம் ஏன் பொருந்தாது? இரண்டும் ஒரே வேலையின் இரு முனைகள்.

செய்ய வேண்டியவை

முதலாவது, கால அளவு. ஒரு மாடலின் கடைசி வண்டி விற்ற நாளிலிருந்து குறைந்தது பதினைந்து ஆண்டுகளுக்கு, அதை ஆய்வு செய்யத் தேவையான இணைப்பு மென்பொருளும் டிரைவர்களும் அன்றைக்குப் புழக்கத்தில் இருக்கும் கணினிகளில் இயங்கும்படி பராமரிக்கப்பட வேண்டும். வாகனத்துக்கு வகை ஒப்புதல் தரும்போதே இதை நிபந்தனையாக்க வேண்டும்.

இரண்டாவது, பொதுத் தரநிலை. ஜே-2534, ஐ.எஸ்.ஓ. 22900 போன்ற திறந்த தரநிலைகளில் ஒன்றின் வழியாகவாவது எல்லா ஆய்வு வேலைகளும் நடக்க வேண்டும். ஐரோப்பா தன் ஒழுங்குமுறையில், கணினியை மாற்றி எழுதுவதற்கு இதைத்தான் கேட்கிறது. இரு சக்கர வாகனங்களுக்கும் ஒரே செருகி வேண்டும், அதற்கென ஐ.எஸ்.ஓ. 19689 என்ற ஆறு முனைச் செருகித் தரநிலை ஏற்கெனவே இருக்கிறது.

மூன்றாவது, விலை. ஒரு வண்டிக்கு ஒரு நாள், ஒரு மணி நேரம் என்று சிறு கட்டணத்தில் அசல் மென்பொருளைப் பயன்படுத்தும் வசதி வேண்டும். மாதத்தில் சில முறை மட்டுமே தேவைப்படும் பட்டறையை முழு ஆண்டுச் சந்தா கட்டச் சொல்வது, அதை நகலின் பக்கம் தள்ளுவதற்குச் சமம்.

நான்காவது, கைவிடும்போது திறந்துவிடுவது. ஒரு நிறுவனம் தன் பெட்டிக்கான ஆதரவை நிறுத்த முடிவுசெய்தால், போதிய கால முன்னறிவிப்பு தர வேண்டும். டிரைவரின் மூலநிரலையும் ஆவணங்களையும் பொதுவெளியில் வைக்க வேண்டும். தானே பராமரிக்க விரும்பாத ஒன்றை மற்றவர்கள் பராமரிக்கவும் விடாமல் பூட்டிவைக்கும் உரிமை யாருக்கும் இருக்கக் கூடாது.

ஐந்தாவது, பயிற்சி. தமிழ்நாட்டின் ஐ.டி.ஐ.க்களில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இரண்டு ஆண்டுப் படிப்பு. டாடா டெக்னாலஜிஸுடன் இணைந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களைத் தமிழக அரசு தரம் உயர்த்தியிருக்கிறது. அங்கே ரோபோவும் முப்பரிமாண அச்சும் கற்பிக்கப்படுவது நல்லது. அதோடு, இணைப்புப் பெட்டியைப் புதுப்பிப்பது, பதிப்புகள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது, தவறினால் பழைய நிலைக்குத் திரும்புவது ஆகியவற்றையும் செய்முறைப் பாடமாக்க வேண்டும். ஏற்கெனவே தொழிலில் இருக்கும் மூத்த மெக்கானிக்குகளுக்கு மாலை வகுப்புகள் வேண்டும். கருவியின் திரையும் கையேடும் தமிழில் இருக்க வேண்டும் என்று அரசு கொள்முதலில் நிபந்தனை வைக்கலாம்.

இதற்கெல்லாம் மக்கள் ஆதரவு கிடைக்குமா என்ற சந்தேகம் வேண்டாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012இல் வாகனப் பழுதுநீக்கும் உரிமை வாக்கெடுப்புக்கு வந்தபோது சுமார் 86 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். வண்டியிலிருந்து நிறுவனத்துக்கு நேரடியாகப் போகும் தகவல்களைப் பற்றிய இரண்டாவது வாக்கெடுப்பு 2020இல் நடந்தது. எதிர்த்தரப்பின் பெரும் விளம்பரச் செலவையும் மீறிச் சுமார் 75 சதவீதம் பேர் ஆதரவாக வாக்களித்தார்கள். வண்டி வைத்திருப்பவர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவராக இருந்தாலும், தன் வண்டியைத் தான் நம்பும் ஆளிடம் சரிசெய்யும் சுதந்திரத்தை விரும்புவார்.

பழுதுநீக்கும் உரிமை பற்றி மத்திய அரசு முழுமையான சட்டம் கொண்டுவரும் நாளில், மென்பொருள் ஆதரவுக் காலம் அதில் ஒரு பிரிவாக இடம்பெற வேண்டும். லாரி உரிமையாளர் சங்கங்களும் வாடகைக் கார் ஓட்டுநர் சங்கங்களும் பட்டறைத் தொழிலாளர் அமைப்புகளும் டீசல் விலை, சுங்கக் கட்டணம் ஆகியவற்றோடு இதையும் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். நம் மக்களவை உறுப்பினர்கள் இதை அவையில் எழுப்ப வேண்டும். பதினைந்து ஆண்டு ஓடும் என்று சொல்லி வண்டியை விற்பவர், அந்தப் பதினைந்து ஆண்டும் அதைப் பழுதுபார்க்க முடியும் என்பதற்கும் சட்டப்படி பொறுப்பேற்க வேண்டும். வாங்கியவர் முழு விலையும் கொடுத்துவிட்டார். அவருக்கு நாம் பெற்றுத்தர வேண்டிய மீதி உரிமை இது.